மருத்துவர் யாரிடம் கேட்பார்? – மருத்துவமனை அறநெறி ஆலோசனையின் வரலாறு

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்…

சில ஆண்டுகளுக்கு முன்னர், இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த ஓர் இரவில் நமக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் சிறு வயதில் நமது மதரஸாவில் ஓதிய மாணவர். இப்போது ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இளம் மருத்துவராகப் பணியாற்றுகிறார்.

“உஸ்தாத், இங்கே நம் சமுதாயத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர் ஒன்பது நாள்களாக வென்டிலேட்டரில் இருக்கிறார். இனிப் பலன் இல்லை என்று மூத்த மருத்துவர்கள் சொல்கிறார்கள். கருவியை எடுத்தால் அது கொலைப் பாவமாகுமா என்று அவருடைய மகன் என்னிடம் கேட்கிறார். நான் என்ன சொல்வது?”

சாலையோரத்தில் நின்றபடியே இரண்டு நிமிடங்களில் நாம் பதில் சொன்னோம். “உயிர் கொடுத்தவன் அல்லாஹ், எடுப்பவனும் அவனே. இருதயம் துடிக்கும்வரை கருவியை எடுக்கக் கூடாது.” அவர் “சரி, உஸ்தாத்” என்று கூறி ஸலாம் சொல்லிவிட்டுத் தொடர்பைத் துண்டித்தார். மார்க்கக் கடமையொன்றை நிறைவேற்றிய நிம்மதியுடன் நாமும் உறங்கச் சென்றோம்.

அப்பெரியவர் மேலும் பதினொரு நாள்கள் அக்கருவியில் இருந்து வஃபாத்தானார். மருத்துவமனைக் கட்டணத்துக்காக, பெண்ணின் நிக்காஹுக்கென்று சேர்த்து வைத்திருந்த நகைகளை அக்குடும்பத்தார் விற்றார்கள். பல மாதங்கள் கழித்து நம்மைச் சந்தித்த அம்மாணவர், மரியாதை குறையாமல் ஒன்றைச் சொன்னார்: “உஸ்தாத், அன்று நீங்கள் என்னிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.”

உண்மைதான். அவருக்கு ஏற்பட்டிருந்தது மூளைச்சாவா, ஆழ்ந்த மயக்கமா, குணப்படுத்த இயலாத நோயின் இறுதிக் கட்டமா என்று நாம் கேட்கவில்லை. எத்தனை மருத்துவர்கள் பரிசோதித்தார்கள் என்றும் கேட்கவில்லை. நாம் சொன்ன பதில் சரியா, தவறா என்பதுகூட இன்றுவரை நமக்குத் தெரியாது. அதுவே நம் நெஞ்சை உறுத்துகிறது. மருத்துவர்கள் இத்தகைய கேள்விகளை யாரிடம் கேட்டார்கள், கேட்கப்பட்டவர்கள் எவ்வாறு பதில் சொன்னார்கள் என்னும் வரலாற்றை அதன் பின்னரே நாம் படிக்கத் தொடங்கினோம். படித்தவற்றின் சுருக்கமே இக்கட்டுரை.

கேட்டறியாமல் சொல்லப்பட்ட பதில்

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி அபூதாவூத் நூலில் ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாகப் பதிவாகியுள்ளது. ஒரு பயணத்தில் தோழர் ஒருவருக்குக் கல் பட்டுத் தலையில் காயம் ஏற்பட்டது. அந்நிலையில் அவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தண்ணீருக்குப் பதிலாகத் தயம்மும் செய்துகொள்ள எனக்குச் சலுகை உண்டா என்று உடன் வந்தவர்களிடம் அவர் கேட்டார். தண்ணீர் இருக்கிறதே, சலுகை இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார்.

செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, பதில் சொன்னவர்களை அவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். அம்மனிதரின் மரணத்தை அவர்கள்மீதே சுமத்தினார்கள். தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா என்று கடிந்துகொண்டு, அறியாமைக்குக் கேள்வியே மருந்து என்னும் கருத்தை உணர்த்தினார்கள்.

இந்த ஹதீஸை நாம் ஆண்டுதோறும் தயம்மும் பாடத்தில் நடத்தி வருகிறோம். காயத்தின்மேல் கட்டுப் போட்டு மஸ்ஹு செய்யும் சட்டத்தை விளக்குவோம். ஆனால் அது நோயாளி ஒருவரின் விஷயத்தில் அவசரமாகச் சொல்லப்பட்ட மார்க்கத் தீர்ப்பின் வரலாறும் ஆகும் என்பது அந்தத் தொலைபேசி அழைப்புக்குப் பிறகே நமக்கு உறைத்தது.

பாக்தாதின் தேர்வு

மருத்துவரின் நெறியைப் பற்றி முஸ்லிம் சமுதாயம் மிக முற்காலத்திலேயே சிந்தித்தது. ஹிஜ்ரி 319, அதாவது கி.பி. 931இல், பாக்தாதில் மருத்துவர் ஒருவரின் பிழையால் ஒரு நோயாளி இறந்த செய்தி அப்பாசிய கலீஃபா அல்முக்ததிருக்கு எட்டியது. தலைமை மருத்துவர் சினான் பின் ஸாபித்திடம் தேர்ச்சி பெறாத எவரும் இனி மருத்துவம் செய்யலாகாது என அவர் ஆணையிட்டார். 860க்கும் அதிகமானோர் அத்தேர்வுக்கு வந்தார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

அவர்களில் ஒரு முதியவர், தமக்கு எழுதப் படிக்கத் தெரியாது, குடும்பத்தின் பிழைப்பே இதுதான் என்று மன்றாடினார். தெரியாத எதையும் நோயாளிக்குச் செய்யக் கூடாது. எளிய நோய்களுக்கு அன்றி இரத்தம் எடுக்கவோ பேதி மருந்து கொடுக்கவோ கூடாது என்னும் நிபந்தனையோடு சினான் அவரை அனுமதித்தார். தன் அறிவின் எல்லையை அறிந்து நடப்பதே அங்கே உரிமத்தின் சாரமாக இருந்தது.

ஏறத்தாழ அக்காலத்தையொட்டி ஒன்பதாம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியின் உர்ஃபாவான ருஹா நகரைச் சேர்ந்த இஸ்ஹாக் பின் அலீ அர்ருஹாவி ‘அதபுத் தபீப்’ என்னும் நூலை இயற்றினார். மருத்துவரின் ஒழுக்கத்தை இருபது அத்தியாயங்களில் அது விவரிக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அஷ்ஷைஸரி எழுதிய சந்தைக் கண்காணிப்பு நூலோ, மருத்துவர்களிடம் உறுதிமொழி வாங்குவதையும் முஹ்தஸிபின் கடமைகளில் ஒன்றாகச் சேர்த்தது.

இவை அனைத்தும் பெருமைக்குரியவை. எனினும் இவை மருத்துவர்மீது வைக்கப்பட்ட கண்காணிப்பு. கட்டிலருகே தடுமாறி நிற்கும் மருத்துவருக்குப் பக்கத்தில் அமர்ந்து, எது சரி என்று சேர்ந்து ஆராயும் ஏற்பாடு வேறொன்று. மூச்சு நின்றால் மரணம் என்றிருந்த காலத்தில் அதற்கான தேவை பெரிதாக எழவில்லை. கருவிகள் வந்தபோதுதான் அது எழுந்தது.

சியாட்டிலின் ஏழு பேர்

1960இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்னும் மருத்துவர், கையின் இரத்தக் குழாய்களில் நிலையாகப் பொருத்தத்தக்க ஒரு குழாயை உருவாக்கினார். அதுவரை சில முறைகளுக்குமேல் செய்ய இயலாதிருந்த டயாலிசிஸைத் தொடர்ந்து செய்ய அது வழி திறந்தது. சிறுநீரகம் செயலிழந்தோர் ஆண்டுக்கணக்கில் வாழலாம் என்னும் நிலை பிறந்தது.

1962இல் அந்நகரில் செயற்கைச் சிறுநீரக மையம் ஒன்று திறக்கப்பட்டது. கருவிகளோ மிகச் சில, நோயாளிகளோ பலர். யாருக்குக் கருவி என்று தீர்மானிக்கும் சுமையை மருத்துவர்கள் தாமே ஏற்க விரும்பவில்லை. எனவே ஒரு வழக்கறிஞர், ஒரு பாதிரியார், ஒரு வங்கியாளர், ஓர் இல்லத்தரசி, ஓர் அரசு அதிகாரி, ஒரு தொழிலாளர் தலைவர், ஓர் அறுவை மருத்துவர் என ஏழு பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. அவர்களின் பெயர்கள் இரகசியமாக வைக்கப்பட்டன. மருத்துவர்கள் உடல்நிலையை வைத்துத் தகுதியானவர்கள் என்று அனுப்பியோரிலிருந்து இக்குழு தேர்ந்தெடுத்தது.

எதை வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள்? வயது, திருமணம், பிள்ளைகளின் எண்ணிக்கை, வருமானம், கல்வி, தொழில், மனவுறுதி, எதிர்காலத்தில் பயன்படுவாரா என்பன பார்க்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் ‘லைஃப்’ இதழில் ஷானா அலெக்சாண்டர் இதை விரிவாக எழுதியபோது நாடே அதிர்ந்தது. கடவுளின் இடத்தில் அமர்ந்த குழு என்று மக்கள் அதைக் குறிப்பிடலானார்கள். தங்களைப் போன்றவர்களையே அவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள் என்னும் விமர்சனம் எழுந்தது. 1972இல் டயாலிசிஸ் செலவை அரசே ஏற்கும் சட்டம் இயற்றப்பட்ட பின்னரே அத்தேர்வின் தேவை நீங்கிற்று.

அவர்கள் தீய நோக்கம் கொண்டவர்கள் அல்லர். ஊதியம் இன்றிச் சுமை சுமந்தவர்கள். ஆயினும் நோயாளியின் முகத்தைப் பாராமல், அவருடைய சொல்லைக் கேளாமல், தாள்களை மட்டும் வைத்துத் தீர்ப்பளித்தார்கள். சாலையோரத்தில் நின்று பதில் சொன்ன நாமும் அதைத்தானே செய்தோம்?

ஒரு தந்தையின் வழக்கு

1975 ஏப்ரலில் நியூ ஜெர்சி மாநிலத்தில் கேரன் ஆன் குயின்லன் என்னும் 21 வயதுப் பெண் மயங்கி விழுந்தாள். மூச்சு நின்றதால் அவளுடைய மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டது. வென்டிலேட்டரில் வைக்கப்பட்ட அவள் உணர்வு திரும்பாமலே கிடந்தாள். ஆனால் அது மூளைச்சாவு அன்று. மூளையின் கீழ்ப்பகுதி இயங்கிக்கொண்டிருந்தது.

பெற்றோர் ஜோசப்பும் ஜூலியாவும் பக்தியுள்ள கத்தோலிக்கர்கள். மாதங்கள் கடந்தபோது அவர்கள் தங்கள் பாதிரியாரிடம் வழிகாட்டல் கேட்டார்கள். அளவு கடந்த சிகிச்சையைத் தொடர்வது கடமையன்று என்று 1957இலேயே போப்பாண்டவர் மயக்க மருத்துவர்களிடம் விளக்கியிருந்தார். பாதிரியாரும் அவ்வாறே கூறினார். தந்தை கருவியை அகற்றக் கேட்டார். கொலைக்குற்றமாகிவிடுமோ என்று அஞ்சி மருத்துவர்கள் மறுத்தார்கள். விஷயம் நீதிமன்றம் சென்றது. கீழ் நீதிமன்றம் தந்தைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

1976 மார்ச் 31 அன்று நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. தலைமை நீதிபதி ரிச்சர்ட் ஹியூஸ் எழுதிய தீர்ப்பு, இத்தகைய முடிவுகளை ஒவ்வொரு முறையும் நீதிமன்றத்துக்குக் கொண்டுவருவது பொருத்தமன்று என்றது. குடும்பமும் மருத்துவர்களும் ஒத்துக்கொண்டால், மருத்துவமனையின் அறநெறிக் குழுவிடம் கலந்தாலோசித்து முடிவெடுக்கலாம் என்றது. இக்கருத்தைக் குழந்தை மருத்துவர் கேரன் டீல் முந்தைய ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. மருத்துவமனைகளில் அறநெறிக் குழு என்னும் ஏற்பாடு பரவியதற்கு இத்தீர்ப்பே பெரும் காரணமாயிற்று.

அதன் பின்னர் நடந்தது சிந்தனைக்குரியது. அவ்வாண்டு மே மாதத்தில் கருவி படிப்படியாக அகற்றப்பட்டது. அவள் இறக்கவில்லை, தானாகவே மூச்சுவிட்டாள். குழாய் வழியாக உணவு தொடர்ந்தது. அதை நிறுத்தும்படி பெற்றோர் ஒருபோதும் கேட்கவில்லை. 1985 ஜூன் மாதம்வரை, ஒன்பது ஆண்டுகள் அவள் வாழ்ந்தாள். அஜல் யாருடைய கையில் இருக்கிறது என்பதை நாம் விளக்கத் தேவையில்லை. கருவியை அகற்றுவது வேறு. உயிரைப் பறிப்பது வேறு என்பதும் அந்நிகழ்வில் தெளிவாயிற்று.

குழுவிலிருந்து கட்டிலருகே

1983இல் அமெரிக்க அதிபரின் ஆணையம் ஒன்று உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவது பற்றிய தன் அறிக்கையில் இத்தகைய குழுக்களை ஊக்குவித்தது. 1990களின் தொடக்கத்தில், அறநெறிச் சிக்கல்களைத் தீர்க்க ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஒரு வழிமுறை இருக்க வேண்டும் என்பதை அங்குள்ள மருத்துவமனைத் தரச்சான்று அமைப்பு நிபந்தனையாக்கியது. 2007இல் வெளியான ஒரு தேசிய ஆய்வின்படி, அந்நாட்டுப் பொது மருத்துவமனைகளில் 81 விழுக்காட்டிலும், 400க்கு மேற்பட்ட படுக்கைகள் கொண்டவை அனைத்திலும் அறநெறி ஆலோசனைச் சேவை இருந்தது. ஆனால் அப்பணியைச் செய்தவர்களில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரே அதற்கென முறையான பட்டமோ சிறப்புப் பயிற்சியோ பெற்றிருந்தார்கள் என்பதையும் அதே ஆய்வு வெளிப்படுத்தியது. கேட்பவர்கள் பெருகிய அளவுக்குத் தகுதியுடன் பதில் சொல்வோர் பெருகவில்லை.

அனுபவம் ஒரு முறையைக் கற்றுக்கொடுத்தது. பெரிய குழு கூடித் தீர்ப்பளிப்பது அரிதாயிற்று. இரண்டு மூன்று பேர் கொண்ட சிறு அணி கட்டிலருகே செல்வதே பெரும்பான்மை வழக்கமாயிற்று. ஒரு மருத்துவரோ செவிலியரோ குடும்பத்தாரோ அழைத்தால் அவர்கள் வருவார்கள். முதலில் நோயாளியின் பதிவேட்டைப் படிப்பார்கள். சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடமும், இரவு பகலாகப் பக்கத்தில் நிற்கும் செவிலியரிடமும் பேசுவார்கள். நோயாளி பேச முடிந்தால் அவரிடமும், முடியாவிட்டால் அவருடைய விருப்பத்தை அறிந்தவர்களிடமும் கேட்பார்கள். பிணக்கு எதில் என்று பிரித்துப் பார்ப்பார்கள். பல வேளைகளில் அறநெறிச் சிக்கல் என்று அழைக்கப்பட்டது, மருத்துவர் சொன்னதைக் குடும்பம் சரியாகப் புரிந்துகொள்ளாததாகவே இருக்கும். அதன் பின்னர் தங்கள் பரிந்துரையைப் பதிவேட்டில் எழுதுவார்கள்.

அது பரிந்துரை மட்டுமே, கட்டளை அன்று. 1998இல் அத்துறையின் அமெரிக்கச் சங்கம் வெளியிட்ட தகுதி நெறிகளும், ஆலோசகர் தம் சொந்த முடிவைத் திணிக்கலாகாது என்றே வலியுறுத்தின. நமது மரபில் முஃப்திக்கும் காழிக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. முஃப்தி விளக்குவார், காழி தீர்ப்பளிப்பார். கேட்பவரின் நிலைமையை விசாரித்தறியாமல் ஃபத்வா கொடுக்கலாகாது என்பது நம் உலமாக்கள் ஏற்கெனவே வகுத்த ஒழுங்கே.

குவைத், அம்மான், மக்கா

அதே கேள்விகள் முஸ்லிம் நாடுகளின் மருத்துவமனைகளிலும் எழுந்தன. 1981இல் குவைத்தில் நடந்த இஸ்லாமிய மருத்துவ மாநாட்டில் மருத்துவர்களுக்கான இஸ்லாமிய நெறிமுறை ஒன்று வெளியிடப்பட்டது. 1985 ஜனவரியில் அதே நகரில் ஃபுகஹாக்களும் மருத்துவர்களும் ஒரே அவையில் அமர்ந்து, மனித வாழ்வின் தொடக்கம் எது, முடிவு எது என்று ஆராய்ந்தார்கள். மூளைத்தண்டு என்றால் என்ன என்பதை ஆலிம்கள் மருத்துவர்களிடம் கேட்டறிந்தார்கள். மரணத்தோடு இத்தா, வாரிசுரிமை போன்ற எத்தனை சட்டங்கள் பிணைந்துள்ளன என்பதை மருத்துவர்கள் ஆலிம்களிடம் கேட்டறிந்தார்கள்.

இஸ்லாமிய நாடுகள் கூட்டமைப்பைச் சார்ந்த சர்வதேச ஃபிக்ஹு அகாதமி 1985இல் இதை விவாதித்து, உடனே முடிவெடுக்காமல் ஒத்திவைத்தது. 1986 அக்டோபரில் அம்மானில் கூடியபோது முடிவை அறிவித்தது. இருதயமும் மூச்சும் முற்றாக நின்று, இனித் திரும்பாது என மருத்துவர்கள் உறுதிசெய்தால் அது மரணம். அல்லது மூளையின் செயல்கள் அனைத்தும் முற்றாக நின்று, இனித் திரும்பாது என்றும் மூளை சிதையத் தொடங்கிவிட்டது என்றும் நிபுணர்கள் உறுதிசெய்தால் அதுவும் மரணம். அந்நிலையில், கருவியின் துணையால் இருதயம் துடித்துக்கொண்டிருந்தாலும் கருவியை அகற்றலாம் என்றது.

1987இல் மக்காவில் ராபிதாவின் ஃபிக்ஹு சபை சற்று வேறுபட்ட முடிவுக்கு வந்தது. மூளையின் செயல்கள் மீளாதவாறு நின்றுவிட்டன என மூன்று நிபுணர்கள் உறுதிசெய்தால் கருவியை அகற்றலாம். ஆயினும் கருவியை அகற்றிய பின் மூச்சும் இருதயமும் நிற்கும்போதுதான் மரணம் நிகழ்ந்ததாகக் கொள்ளப்படும் என்றது. மரணம் எது என்பதில் இரு சபைகளும் வேறுபட்டன; கருவியை அகற்றலாம் என்பதில் ஒன்றுபட்டன. ஹிஜ்ரி 1409இல் சவூதி அரேபியாவின் ஃபத்வா நிலைக்குழு, உயிர்ப்பிக்கும் கருவிகளைப் பற்றி எழுப்பப்பட்ட கேள்விகளுக்கு நோயாளியின் நிலைகளை வெவ்வேறாகப் பிரித்துப் பதிலளித்தது. அங்கும் நம்பகமான மூன்று நிபுண மருத்துவர்களின் கருத்தே அடிப்படையாக வைக்கப்பட்டது.

இம்முடிவுகளை ஏற்காத ஆலிம்களும் உண்டு. அவர்களின் பேணுதலையும் நாம் மதிக்கிறோம். ஆனால் “இருதயம் துடிக்கும்வரை எடுக்கக் கூடாது” என்று நாம் அன்று சொன்னபோது, இப்படியொரு ஆய்வு நடந்ததைப் பற்றி அம்மாணவரிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதே நம் குறை.

நம் வீடுகளுக்கு

நம் நாட்டில் உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று அளித்த தீர்ப்பிலும், 2023 ஜனவரியில் அதை எளிமையாக்கிய ஆணையிலும், மீள வழியில்லாத நோயாளிக்கு உயிர்காக்கும் கருவியை நிறுத்த ஒரு நடைமுறையை வகுத்துள்ளது. மருத்துவமனையில் முதல்நிலைக் குழு ஒன்றும், அதைச் சரிபார்க்க இரண்டாம் குழு ஒன்றும் கருத்துரைக்க வேண்டும். இரு குழுக்களிலும் இருப்பவர்கள் மருத்துவர்களே. உடல்நிலை பற்றிய கேள்விக்கு அங்கே பதில் உண்டு. “இது பாவமா?” என்று ஒரு மகன் கேட்கும் கேள்வி, இன்றும் இரவு நேரத் தொலைபேசி அழைப்பாக நம்மைப் போன்றவர்களிடமே வருகிறது.

ஆகவே இப்போது அத்தகைய அழைப்பு வந்தால் நாம் பதிலோடு தொடங்குவதில்லை. நோயாளியின் நிலைக்கு மருத்துவர்கள் இட்டுள்ள பெயர் என்ன? மூளைச்சாவு என்றால், அதை உறுதிசெய்தவர்கள் எத்தனை பேர்? மூளைச்சாவு அன்று எனில், சிகிச்சையால் குணம் எதிர்பார்க்கப்படுகிறதா, மரணம் நீட்டிக்கப்படுகிறதா? நோயாளி சுயநினைவோடு இருந்தபோது என்ன விரும்பினார்? செலவுக்காகக் குடும்பம் எதை இழக்கிறது? இவற்றைக் கேட்கிறோம். இயன்றால் நேரில் செல்கிறோம். பிறகு நம்மைவிட அறிந்த முஃப்தியிடம் அவற்றை அப்படியே எடுத்துவைக்கிறோம். பதில் வரத் தாமதமாகிறது. ஆனால் அது அந்த நோயாளிக்கான பதிலாக இருக்கிறது.

பெற்றோர் நலமாக இருக்கும்போதே அவர்களின் விருப்பத்தைக் கேட்டு வையுங்கள். மருத்துவர் சொல்வது புரியாவிட்டால் மீண்டும் கேளுங்கள். அது மரியாதைக் குறைவன்று. ஆலிமிடம் கேட்கும்போது மருத்துவரையும் அந்த உரையாடலில் சேர்த்துக்கொள்ளுங்கள். நமது மஹல்லா ஜமாஅத்துகள், ஊரிலுள்ள முஸ்லிம் மருத்துவர் இருவரையும் ஆலிம் இருவரையும் மாதம் ஒருமுறை ஓரிடத்தில் அமரச் செய்தாலே பெரிய காரியம். குவைத்தில் நடந்தது இதன் பெரிய வடிவமே.

அந்தப் பெரியவரின் மகனை நாம் பின்னர் சென்று பார்த்தோம். அவர் நம்மைக் குறை கூறவில்லை. “நீங்கள் மார்க்கத்தைத்தானே சொன்னீர்கள், ஹஜ்ரத்” என்றார். அந்த நம்பிக்கைக்கு முன்னால் நாம் தலைகுனிந்தே நின்றோம். மக்கள் நம்மிடம் கேட்பது ஓர் அமானத். கேட்டறிந்து பதில் சொல்வதே அதை நிறைவேற்றும் வழி.

வல்ல அல்லாஹ் நம் நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், மருத்துவர்களுக்குத் தெளிவையும், பதில் சொல்லும் இடத்தில் இருப்போருக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.